சூட்டுச் சட்டை

எங்கள் குடியிருப்பில் சுவர் என்பது பெயருக்குத்தான். இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கத்தில் "நூறு" என்பார்கள். அதனால் பக்கத்து வீட்டு அண்ணன் வேலை முடிந்து வந்து கதவைத் தட்டுகிற விதத்திலேயே அன்றைக்குக் குளிர் எப்படி என்று எனக்குத் தெரிந்துவிடும். விரலால் தட்டினால் பரவாயில்லை. முழங்கையால் இடித்தால் விரல் பத்தும் மரத்துப்போய்விட்டது என்று அர்த்தம். அந்த வருஷம் குளிர் யாரையும் கேட்காமல் முன்னாலேயே வந்துவிட்டது. முதல் வாரத்திலேயே முழங்கைச் சத்தம்தான்.

நான் தண்ணீர் இலாகா அலுவலகத்தில் டைப்பிஸ்ட். காலுக்குப் பக்கத்தில் ஹீட்டர் வைத்துக்கொண்டு, அடுத்தவர்கள் எந்தக் குளிரில் எத்தனை மணி நேரம் நிற்க வேண்டும் என்று அடிப்பது என் தொழில். அண்ணன் அதே இலாகாவில் குழாய் கேங்கில் இருந்தார். மண்ணுக்குள் ஓடுகிற குழாய் எங்கே உடைந்திருக்கிறது என்று கண்டுபிடிப்பது அவர் வேலை. ஆளுயர இரும்புக் கம்பியைத் தரையில் ஊன்றி, மேல்நுனியைக் காதில் வைத்து, நெஞ்சும் வயிறும் கம்பிமேல் படச் சாய்ந்து, மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பார். உடைந்த இடத்தில் தண்ணீர் பீறுகிற சத்தம் கம்பி வழியாக ஏறி வரும். கேட்டதும் பூட்ஸ் காலால் ஒரு கோடு கிழிப்பார். அங்கேதான் தோண்டுவார்கள். பத்தொன்பது வருஷத்தில் அந்தக் கோடு ஒரு முழம் தள்ளிப்போனதில்லை. சொந்தப் பெயரே எல்லாருக்கும் மறந்துபோய், காதுக்காரர் என்றே ஆகிவிட்டார்.

தோண்டுகிறவனுக்கு வேர்க்கும். காதுக்காரருக்கு வேர்க்க வழியில்லை. அசையாமல் நிற்பதுதான் அவர் வேலையே. அசையாமல் நிற்கிறவனைத் தேடிப் பிடிக்கத்தானே குளிருக்குத் தெரியும். கம்பியைப் பிடித்த விரல்கள் முதலில் சுண்ணாம்பு மாதிரி வெளுக்கும், பிறகு நீலம் பாயும். வீட்டுக்கு வந்து வெதுவெதுப்பான தண்ணீரில் கையை வைத்தால் உயிர் திரும்பும்போது உயிர் போகிற வலியில் அந்தப் பெரிய மனுஷன் பல்லைக் கடித்துக்கொண்டு முனகுவது எனக்குக் கேட்கும். போன வருஷமே டாக்டர் சொல்லிவிட்டார், இப்படியே போனால் விரலை எடுக்க வேண்டி வரும் என்று.

ஒரே ஒரு வழி இருந்தது. பம்ப்பு வீட்டைப் பார்த்துக்கொள்கிறவர் குளிர் முடிந்ததும் ஓய்வு பெறுகிறார். அந்த இடம் காதுக்காரருக்குத்தான் என்று பேச்சு. ஆனால் குளிர்காலம் முழுக்க லீவு போடாமல் வேலை பார்த்திருக்க வேண்டும், போட்டால் வரிசையில் அடுத்த ஆளுக்குப் போய்விடும். பம்ப்பு வீட்டில் நாலு சுவர் உண்டு, கதவு உண்டு, ராப்பகலாக ஓடுகிற மோட்டார் உண்டு. ஈரத் துணியை அதன் பக்கத்தில் போட்டால் அரை மணியில் காய்ந்துவிடும்.

"இந்த ஒரு குளிரைத் தாண்டிட்டாப் போதும் தங்கச்சி," என்பாள் அக்கா, அவர் மனைவி. "அப்புறம் அந்த மோட்டாரையே கட்டிக்கிட்டு இருக்கட்டும். நான் சக்களத்தின்னு சண்டைக்குப் போகமாட்டேன்."

அக்கா தையல்காரி. முன்னறையில் ஜன்னலோரம் மிஷின், உள்பக்கம் இஸ்திரி மேஜை. கடைகளுக்குச் சீருடை தைத்துக்கொடுப்பாள், தெருவில் கிழிந்ததையெல்லாம் ஒட்டுப் போட்டுத் தருவாள். ஒருநாள் யாரோ மின்சாரப் போர்வை ஒன்றைத் தைக்கக் கொண்டுவந்தார்கள். தையலைப் பிரித்ததும் உள்ளே தலைமுடியை விடக் கொஞ்சம் தடிமனாக, வளைந்து வளைந்து கம்பி ஓடியிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தவள் உடனே தம்பியைக் கூப்பிட்டு அனுப்பினாள். தம்பி மார்க்கெட் முனையில் போன் ரிப்பேர் பார்க்கிறவன். பழைய பேட்டரிகளை மூட்டை மூட்டையாகச் சேர்த்து வைத்திருப்பதால் அவனுக்குப் பேரே பேட்டரி.

"இந்தக் கம்பியை வெட்டி ஒரு கையுறைக்குள்ள வெச்சுத் தைக்கறேன். உன் பேட்டரியில சூடாகுமா?"

"ஆகும்க்கா. ஆனா மாமா கையைச் சுட்டுக்கிட்டா என்னைக் கேக்கக் கூடாது."

"அவர் என்ன பச்சைப் பிள்ளையா? சுட்டா கழட்டிட மாட்டாரா?"

இந்தக் கேள்வியில்தான் எல்லாரும் ஏமாந்தோம்.

மூன்று நாள் உட்கார்ந்து தைத்தாள். போட்டுக்கொண்டு போன முதல் நாளே அண்ணன் இரண்டு கையிலும் கொப்புளத்தோடு வந்து நின்றார். சத்தம் கேட்டு நானும் போனேன். அக்கா அவர் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு பார்த்தபடி இருந்தாள்.

"சுட்டது தெரியலையா உங்களுக்கு?"

"சூடா இருக்கான்னே தெரியலம்மா. அதான் இன்னும் கொஞ்சம் ஏத்தி வெச்சேன்."

மரத்துப்போன கைக்குக் குளிரும் தெரியாது, சூடும் தெரியாது. யோசித்தால் எங்களில் யாருக்கும் புரிந்திருக்கும், யாரும் யோசிக்கவில்லை. அக்கா அன்றைக்கு அழவில்லை. இரண்டு கையுறையையும் அடுப்பில் போடப் போனவளை அவர்தான் தடுத்தார், கம்பியாவது மிஞ்சட்டும் என்று. மறுநாள் கையில் துணி சுற்றிக்கொண்டு அவர் வேலைக்குப் போனார்.

சூடு கண்ட பூனை அடுப்பங்கரைக்குப் போகாது என்பார்கள். அக்கா அந்த ரகப் பூனை இல்லை. ஒரு மாலையில் நான் பாவாடைக்கு ஓரம் அடித்து வாங்கப் போயிருந்தேன். மிஷினில் உட்கார்ந்து தைத்தவள் விரல் விறைத்து ஊசியில் நூல் கோக்க முடியாமல் எழுந்து, இஸ்திரி மேஜைக்குப் போனாள். சீருடைகளைத் தேய்த்துத் தேய்த்துச் சூடேறிக் கிடந்த மேஜைமேல் வயிற்றைச் சாய்த்தபடி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். திரும்ப வந்து ஒரே குத்தில் நூலைக் கோத்தாள். கோத்த ஊசியைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டாள்.

"தங்கச்சி, என் கையைத் தொட்டுப் பாரு."

தொட்டுப் பார்த்தேன். சூடாக இருந்தது.

"கையை நான் எங்கயும் காட்டலையே. மேஜையில பட்டது வயிறுதானே?" என்றாள். "அடுப்புல தீ இருந்தா மூலை அறை வரைக்கும் தானா சூடு போகுது. நான் என்னடான்னா மூலை அறையில கொண்டுபோய் அடுப்பு வெச்சிருக்கேன்."

அப்படிப் பிறந்ததுதான் கையில்லாத சட்டை. வயிற்றில் ஒரு பட்டை, நடு முதுகுக்குக் கீழே ஒரு பட்டை, நடுவில் கம்பி, இரண்டு பக்கமும் பஞ்சு, உள்ளே பழைய படுக்கை விரிப்பின் மெத்தென்ற துணி. பேட்டரிக்கு இடுப்போரம் ஒரு பை. மேல்கோட்டுக்கு உள்ளே போட்டுக்கொள்ள வேண்டும். கம்பி மடிந்தால் முறியும் என்று பேட்டரி சொன்னதால், அண்ணனை வெறும் சட்டையோடு நிறுத்திவைத்து அக்கா படுத்திய பாடு இருக்கிறதே!

"குனிங்க."

குனிந்தார்.

"மண்ணை வாருங்க."

"இங்க ஏது மண்ணு?"

"இருக்கிற மாதிரி வாருங்க. கம்பியில சாயுங்க. கம்பி இல்லைன்னா என்ன, அந்தக் கதவுல சாயுங்க."

மனுஷன் ஒரு மணி நேரம் இல்லாத மண்ணை வாரினார். துணி எங்கெல்லாம் மடிகிறதோ அங்கெல்லாம் அக்கா சாக்கட்டியால் கோடு போட்டாள். கோடு விழாத இடத்தில் மட்டும் கம்பியை ஓட்டினாள். "ஊருக்கே கோடு போட்டவன் நான், எனக்கே கோடு போட்டுட்டா" என்று அண்ணன் என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்தக் குளிரில் அவர் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

சட்டை வேலை செய்தது. ஒரே குறை, பேட்டரி ஒன்றரை மணி நேரத்தில் படுத்துவிடும். அதனால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை, ஏனென்றால் பத்து இருந்தது.

பத்து என்றால் கேங்கில் தீக் காய்கிற முறை. பள்ளத்துக்குப் பக்கத்தில் ஓட்டை போட்ட தகரப் பீப்பாயில் விறகு எரியும். அரை மணி பள்ளத்தில், பத்து நிமிஷம் பீப்பாய் ஓரத்தில் என்று முறைவைத்துப் போவார்கள். "பத்துக்குப் போறேன் மேஸ்திரி" என்றால் போதும், மேல் கேள்வி கிடையாது. எந்தப் புத்தகத்திலும் எழுதி வைக்காத விதி அது. காதுக்காரர் கம்பியில் நிற்கும்போது சட்டையில் சூட்டைப் போடுவார், பத்தில் அணைத்துவிடுவார். இப்படிச் சேர்த்து ஓட்டியதில் இரண்டே வாரத்தில் கொப்புளம் ஆறி, நகத்தடியில் ரத்த நிறம் வந்தது. கதவில் விரல் தட்டுகிற சத்தம் கேட்டு இந்தப் பக்கம் நான் தேநீர்க் கோப்பையோடு ஒரு நிமிஷம் சும்மா நின்றேன். அவ்வளவு நிம்மதியாக இருந்தது எனக்கே.

நல்லது நடந்தால் அது அலுவலகத்துக்கு எட்டாமல் இருக்க வேண்டும். எட்டிவிட்டது.

எங்கள் இன்ஜினியர் சின்ன வயசுக்காரர், கெட்டவர் இல்லை. எந்நேரமும் கையில் இரும்பு ஸ்கேல் ஒன்றை வைத்துக்கொண்டு மேஜையில் தட்டுவார். கேங்கில் அவர் பெயர் ஸ்கேல். காதுக்காரர் கையைப் பார்த்தார், சட்டையைப் பார்த்தார், நேரே வீட்டுக்கே வந்துவிட்டார். அக்கா கொடுத்த தேநீரைக் குடித்துவிட்டு, கேங்குக்கு மொத்தம் இருபத்திரண்டு சட்டை வேண்டும் என்றார்.

"ஆனா ஒன்றரை மணி நேரம் பத்தாதும்மா. நாலு மணி நேரமாவது நிக்கணும்."

பேட்டரி அதற்கும் வழி செய்தான். தீப்பெட்டி அளவு பலகை ஒன்றை நடுவில் இணைத்தான். அது சூட்டைத் தொடர்ந்து விடாமல், கண்ணிமைக்கிற நேரத்துக்குள் பல தடவை விட்டு விட்டு ஏற்றும். பேட்டரி நாலு மணி நேரம் தாங்கியது. கடைசியாக அண்ணனுடைய பழைய சட்டையையும் வாங்கி அதிலும் ஒரு பலகையை வைத்துக் கொடுத்தான்.

மூன்று வாரம் அந்த வீட்டில் பஞ்சு பறந்தது. சோற்றில் பஞ்சு, தேநீரில் பஞ்சு, அண்ணன் மீசையில் பஞ்சு. நான் வேலை முடிந்து வந்து நூல் வெட்டிக் கொடுப்பேன். அக்கா முதுகு நிமிர்த்தக்கூட முடியாமல் தைத்தாள். களைப்பில் கண் சொருகும், ஆனால் முகத்தில் ஒரு பெருமை. இருபது வருஷமாக அடுத்தவன் அளவுக்குத் தைத்தவளிடம் முதல்முறையாக "உங்க சட்டை" என்று ஒருத்தர் வந்து கேட்டிருக்கிறார் அல்லவா.

சட்டை கொடுத்த ஒன்பதாம் நாள் ஸ்கேல் ஐயா என்னைக் கூப்பிட்டு ஒரு சுற்றறிக்கை சொன்னார். நான் அடித்தேன். "பணியாளர்களுக்குச் சூட்டுச் சட்டை வழங்கப்பட்டுவிட்டபடியால், தீக் காய்வதற்கான இடைவேளை இன்றுமுதல் நிறுத்தப்படுகிறது." ஆளுக்கு ஒரு நாளில் இரண்டு மணி நேரம் மிச்சமாகிறது என்று ஸ்கேலால் கோடு போட்ட ஒரு கணக்கும் கூடவே இருந்தது. இது சரியில்லை என்று எனக்குத் தெரிந்தது. வாயைத் திறக்கவில்லை. எழுத்துப் பிழை இருக்கிறதா என்று பார்த்து, மூன்று நகல் எடுத்து, அனுப்பிவிட்டேன். அன்று சாயங்காலமே பீப்பாயைக் கிடங்குக்குத் தூக்கிப் போனார்கள்.

சட்டை நாலு மணி நேரம், வேலை எட்டு மணி நேரம். மதியத்துக்கு மேல் எல்லாரும் வெறும் பஞ்சைச் சுமந்துகொண்டு நின்றார்கள். வயிறு சூடாக இருந்தாலும் ஈர பூட்ஸுக்குள் கால் சூடாகுமா? மேஸ்திரி அலுவலகத்துக்கு வந்து கேட்டார். "சட்டை குடுத்தாச்சு மேஸ்திரி, இன்னும் என்ன?" என்று ஐயா உண்மையாகவே புரியாமல் கேட்டார். மேஸ்திரி திரும்பிப் போகும்போது என் மேஜையைப் பார்த்தார். அந்தச் சுற்றறிக்கையை யார் அடித்திருப்பார்கள் என்று அவருக்குத் தெரியும்.

தெருவில் பெண்கள் அக்காவிடம் துணி கொடுப்பதை நிறுத்திவிட்டார்கள். ஒருத்தி முகத்துக்கு நேரே சொன்னாள், "உன் சட்டை எங்க வீட்டுக்காரரோட பத்தைத் தின்னுடுச்சு." பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை. அக்கா அதையும் வாங்கிக்கொண்டாள். "என் வீட்டுக்காரருக்கும்தானே போச்சு" என்று மட்டும் சொன்னாள்.

அதே வாரத்தில் இன்னொன்றும் நடந்தது. காதுக்காரர் போட்ட கோட்டில் தோண்டினார்கள், தண்ணீர் இல்லை. இறுகிப்போன மண்ணைக் கடப்பாரையால் உடைத்து, நாலு மணி நேரம் தோண்டி, காய்ந்த குழாயைப் பார்த்தார்கள். உடைப்பு பத்தடி தள்ளி இருந்தது. பத்தொன்பது வருஷத்தில் முதல் தப்பு. "வயசாச்சு மேஸ்திரி" என்றாராம் அவர். மறுநாளிலிருந்து கோடு சரியாக விழுந்தது.

ஆனால் கதவில் மறுபடி முழங்கை இடித்தது.

முதல் நாள் காற்று அதிகம் என்றார். இரண்டாம் நாள் கம்பி ஈரம் என்றார். அக்கா ஒரு வாரம் பொறுத்தாள். பிறகு ஒரு சாயங்காலம் சுவருக்கு அந்தப் பக்கம் அவள் குரல் உயர்ந்தது. சட்டையிலிருந்து பேட்டரியை எடுத்துச் சார்ஜில் போட்டிருக்கிறாள். போட்ட மறு நிமிஷமே நிறைந்துவிட்டது என்று பச்சை விளக்கு எரிந்திருக்கிறது.

"காலையில குடுத்தது அப்படியே இருக்கு. நீங்க போடவே இல்ல."

"போட்டேம்மா."

"பேட்டரி பொய் சொல்லாது."

"நான்தான் சொல்றேன்னு வெச்சுக்கோ. சாப்பாட்டை எடு."

"எதுக்குப் போடலன்னு சொல்லுங்க. நான் தைச்சது குத்துதா? கனமா இருக்கா? இந்தக் கையை வெச்சுக்கிட்டு எதுக்கு இந்த வீம்பு?"

தட்டு நகர்ந்தது. பிறகு அவர் சொன்னது எனக்கு ஒவ்வொரு சொல்லாகக் கேட்டது.

"அந்தப் பலகை ரீங்காரம் போடுதும்மா. சும்மா இருந்தா கேக்காது. கம்பியில வயித்தைச் சாச்சு காதை வெச்சா, வயித்துக்குள்ள வண்டு பறக்குற மாதிரி கேக்குது. கொஞ்ச நாள் சமாளிச்சேன், அப்புறம் தண்ணி எது, வண்டு எதுன்னு தெரியல. அன்னைக்குக் கோடு தள்ளிப்போனது அதனாலதான். நாள் முழுக்கக் கம்பியிலதானே நிக்கறேன், அதான் அணைச்சே வெச்சிருக்கேன்."

"இதை என்கிட்ட சொல்றதுக்கென்ன?"

"இருபத்திரண்டு சட்டை தைச்சிருக்கே. முதல் தடவையா ஒரு ஆபீசர் வீடு தேடி வந்து கேட்டிருக்கார். இது ஆகாதுன்னு நானே எப்படிச் சொல்லுவேன்? மத்தவங்களுக்கு ஒண்ணும் இல்ல. அவங்க யாரும் கம்பியில காது வைக்கறதில்ல."

"மத்தவங்களுக்காகவா நான் இதைத் தைச்சேன்?" என்றாள் அக்கா. அதற்குப் பிறகு அவள் அழுத சத்தம்தான். கையுறையில் கை வெந்த அன்று அடக்கி வைத்ததையும் சேர்த்து அழுதாள் என்று நினைக்கிறேன். நான் போகவில்லை. எந்த முகத்தோடு போவது?

யாருக்காகச் செய்தாளோ அவர் ஒருத்தருக்குத்தான் அந்தச் சட்டை உதவாமல் போயிற்று. சட்டையும் இல்லை, அதைக் காட்டிப் பிடுங்கிய தீயும் இல்லை. கேங்கில் இருபத்திரண்டு பேரில் அதிகம் குளிரில் நின்றவர் அவர்தான்.

என்ன செய்வது என்று முடிவாவதற்குள், நாலு நாளில் இடது மோதிர விரல் நுனி கறுத்தது. ஒரு வியாழக்கிழமை காலையில் டாக்டர் முதல் கணுவோடு எடுத்தார். ஒரு நாள் லீவு போட்டால் பம்ப்பு வீடு போய்விடுமோ என்று அவர் மறுநாளே கட்டோடு போக நின்றார். மேஸ்திரிதான் இரண்டு நாள் வருகை போட்டுக் காப்பாற்றினார். பக்கத்து விரலும் நிறம் சரியில்லை, இன்னும் ஆறு வாரக் குளிர் இருக்கிறது, கவனம் என்று டாக்டர் சொன்னதை அக்கா என்னிடம் வந்து சொன்னாள். அவள் கண்ணைப் பார்க்க முடியாமல் சுற்றறிக்கையை அடித்தது நான்தான் என்று சொல்லிவிட்டேன்.

"தெரியும். இந்த வீட்டுல ரகசியம் ஏது," என்றாள். கோபம்கூட இல்லை, அவ்வளவு ஓய்ந்திருந்தாள். "பலகையைப் பிடுங்கிட்டா சத்தம் நிக்கும். ஆனா ஒன்றரை மணி நேரந்தான். மிச்சத்துக்குப் பத்து வேணும். மனுஷனுக்குக் குளிருதுன்னு சொன்னா உங்க ஐயா குடுப்பாரா?"

"மேஸ்திரி கேட்டாச்சு அக்கா. விரல் போனதையும் சொல்லிட்டார். ஐயா வருத்தப்பட்டார். கையுறை போடச் சொல்லுங்கன்னார்."

அக்கா எழுந்து, அண்ணன் சட்டைப் பையிலிருந்து பேட்டரியை எடுத்துக் கையில் வைத்துப் பார்த்தாள். அப்புறம் தம்பியைக் கூப்பிட்டாள்.

"குளிர்ல பேட்டரி கெட்டுப்போகுமாடா?"

"வெளியில கிடந்தா கொஞ்சம் சோம்பும்க்கா. சட்டைக்குள்ள உடம்போட ஒட்டி இருக்கறதுக்கு ஒண்ணும் ஆகாது."

"அது உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும்," என்றாள் அக்கா.

மறுநாள் காலை பத்தரைக்கு அலுவலகத்துக்கு வந்தாள். தோய்த்து மடித்த புடவை, கையில் ஒரு சட்டை. ஐயா எழுந்து நாற்காலி போட்டார். நான் என் மேஜையில் பழைய தாள் ஒன்றைச் சொருகி, எதையோ அடிப்பது மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

"வாங்கம்மா. சட்டையைப் பத்தி மேலிடத்துக்கு எழுதியிருக்கேன். ரொம்பப் பாராட்டறாங்க."

"அதுலதான் சார் ஒரு தப்பு பண்ணிட்டேன். முக்கியமான ஒண்ணைச் சொல்ல விட்டுப்போச்சு."

"என்னது?"

"பேட்டரிக்கு இந்தக் குளிர் ஆகாது. அரை மணிக்கு ஒரு தடவை பத்து நிமிஷம் நெருப்புப் பக்கத்துல காட்டணும். இல்லன்னா ஒவ்வொண்ணா படுத்துடும் சார். இந்த மாசம் தாங்காது."

ஐயாவின் ஸ்கேல் நின்றது.

"இதை முதல்லயே சொல்லக் கூடாதாம்மா? இருபத்திரண்டு சட்டை! இலாகா சொத்து! கெட்டுப்போனா நான்தானே பதில் சொல்லணும்?"

"தப்புதான் சார். என் தையல் அவ்வளவுதான்."

தன் வாழ்நாளில் செய்த ஒரே நல்ல பொருளை அவளே குறை சொல்லிக்கொண்டிருந்தாள். ஐயா எழுந்து ஜன்னல் வரைக்கும் போய்த் திரும்பினார்.

"சரி. சட்டையைக் கழட்டி நெருப்புப் பக்கத்துல ஒரு கொடியில மாட்டிடலாம். ஆள் அவன்பாட்டுக்கு வேலையைப் பாக்கட்டும். அதுல ஒண்ணும் சிக்கல் இல்லையே?"

அக்கா இந்தக் கேள்விக்குத் தயாராக வரவில்லை. மடியில் இருந்த சட்டையை ஒரு தடவை தடவினாள். சாக்கட்டிக் கோடு போட்ட இடங்கள் எல்லாம் அவள் விரலுக்கு மனப்பாடம்.

"கழட்ட முடியாது சார். மாட்டினா துணி தொங்கி, கம்பி மடிஞ்சு முறிஞ்சுபோயிடும். மேல போட்டபடியேதான் காயணும்."

"அப்போ ஆளும் கூடவே நிக்கணும்?"

"நின்னுதான் ஆகணும் சார். வேற வழி தெரியல."

ஐயா மேஜையில் இரண்டு தட்டு தட்டினார். "கருவியைக் காப்பாத்தணும்னா வேற வழி இல்லதான்," என்று பெருமூச்சு விட்டு என் பக்கம் திரும்பினார். "எழுதிக்கோங்கம்மா."

எழுதிக்கொண்டேன். அந்த அலுவலகத்தில் நான் அடித்ததிலேயே ஒரு பிழைகூட இல்லாத கடிதம் அதுதான். நகலை எடுத்துப்போக ஆள் வரட்டும் என்று காத்திருக்காமல், மதியச் சாப்பாட்டு நேரத்தில் நானே கோட்டை மாட்டிக்கொண்டு பள்ளத்துக்குப் போனேன். பேட்டரி காலையிலேயே அண்ணன் சட்டையிலிருந்து பலகையைப் பிடுங்கிவிட்டிருந்தான். கிடங்கிலிருந்து பீப்பாயை உருட்டி வந்து விறகு அடுக்க மேஸ்திரிக்குக் கால் மணிகூட ஆகவில்லை. அதற்குப் பிறகு அந்தக் குளிரில் அண்ணனுக்கு வேறு விரல் போகவில்லை. குளிர் முடிந்ததும் ஒன்பதரை விரலோடு பம்ப்பு வீட்டுக்குப் போனார்.

அன்றைக்குப் பீப்பாயில் தீ பிடித்ததும் மேஸ்திரி தாளைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்து எல்லாருக்கும் கேட்கும்படி வாசித்தார். "சூட்டுச் சட்டைகளின் நலன் கருதி, அரை மணிக்கு ஒருமுறை பத்து நிமிடம் அவற்றைத் தீயருகே வைத்து ஓய்வு கொடுக்க வேண்டும். அந்நேரத்தில் சட்டையை அணிந்திருப்பவரும் உடன் நிற்க வேண்டும்."

பள்ளத்துக்குள்ளிருந்து ஒருத்தன் சிரித்தான். அது தொற்றிக்கொண்டு எல்லாரும் சிரித்தார்கள், இருமி இருமிச் சிரித்தார்கள். காதுக்காரர் அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. கட்டுப்போட்ட கையைக் கம்பியிலிருந்து எடுக்காமல், மறுபடி ஏதாவது பறிபோய்விடுமோ என்கிற முகத்தோடு கேட்டார்.

"அணிந்திருப்பவர்னா நாமதானே மேஸ்திரி?"

"நாமதான்யா. வா, வந்து நில்லு."